கூர்ந்த கண்ணுக்கு ஒரு நற்சான்று

சிவசோதிக்கு அருவருப்பு புதிதல்ல. நாற்பத்தாறு வயதுக்குள் ஒரு மனிதர் பார்க்க வேண்டியது, பார்க்கக் கூடாதது எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர். யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் கோழிக்கு ஊசி போட்டவர், புழுத்த மாட்டுக் குளம்பைக் கழுவியவர். 2010இல் பதினாறு நாள் மீன்பிடிப் படகின் அடித்தட்டில் நாற்பது பேரின் வாந்திக்குள் படுத்து ஆஸ்திரேலியாவின் கிறிஸ்மஸ் தீவுக்கு வந்து சேர்ந்தவர். அப்படிப்பட்ட மனிதருக்கே, மெல்பனுக்கு வடகிழக்கே இரண்டரை மணி நேர ஓட்டத்தில் இருந்த அந்தப் பண்ணையில் முதல் சனிக்கிழமை சாப்பாடு இறங்கவில்லை.

பண்ணையின் தொழில் இதுதான். பெசன்ட் என்கிற நீளவால் பறவையைக் குஞ்சிலிருந்து வலைக்கூட்டுக்குள் வளர்ப்பார்கள். சேவலுக்கும் மயிலுக்கும் சம்பந்தம் செய்துவைத்தாற்போல அழகான பறவை. கிழமை முழுவதும் சிவசோதி தீனி வாளியைத் தட்டுவார். அவை அவர் காலடிக்கு ஓடிவரும். சனிக்கிழமை காலையில் அவற்றைப் பெட்டிகளில் கொண்டுபோய்ப் புல்வெளியில் விடுவார். பத்து மணிக்கு மெல்பனிலிருந்து விருந்தாளிகள் புதுச் சப்பாத்தும் புதுத் தொப்பியும் துப்பாக்கியுமாக வந்து வரிசையில் நிற்பார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து சிவசோதி ஒரு பிளாஸ்ரிக் கொடியை ஆட்டிக்கொண்டு புல்லுக்குள் நடந்து பறவைகளைக் கிளப்ப வேண்டும். வேட்டையாடிவிட்டு வந்தோம் என்று வீட்டில் போய்ச் சொல்ல வேண்டாமா?

அன்று அவை கிளம்பவில்லை. கொடியோடு வந்த மனிதரைக் கண்டதும் தீனிதான் வருகிறது என்று நினைத்து அவர் காலைச் சுற்றிக் கூடிவிட்டன. நிலத்தில் நிற்கிற பறவையைச் சுடுவது மரியாதை இல்லையாம். விருந்தாளிகள் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு மரியாதையோடு காத்திருந்தார்கள். பண்ணை மேலாளர் வெய்ன் தூரத்திலிருந்து கையை வீசிக் கத்தினார். கடைசியில் சிவசோதி, கிழமை முழுக்கத் தன் கையால் தீனி போட்ட பறவைகளைத் தன் காலால் எத்தி எத்தி வானத்துக்கு அனுப்பினார். வெடிச்சத்தம் ஓய அரை மணி நேரம் பிடித்தது.

விழுந்தவை முந்நூறுக்கு மேல். விருந்தாளிகள் ஆளுக்கு இரண்டைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்கள். மீதியை உரிக்கவும் ஆளில்லை, தின்னவும் ஆளில்லை. யூட் என்று அங்கே சொல்கிற பின்பக்கம் திறந்த வண்டியில் அள்ளிப் போட்டு, பண்ணையின் மூலையில் வெட்டியிருந்த நீளக் குழிக்குள் கொட்டிச் சுண்ணாம்பு தூவுவதும் சிவசோதியின் வேலைதான். சில பறவைகள் இன்னமும் கண்ணை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தன. அவற்றின் கழுத்தைத் திருகிவிட்டு வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்று தோல் வெளிறும்வரை கையைக் கழுவினார்.

வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கலாமே என்று கேட்பது எவருக்கும் சுலபம். அவருக்கு இந்த நாட்டில் இருந்தது தற்காலிக விசா ஒன்றுதான். பதினெட்டு மாதம் தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு 2012 தொடக்கத்தில்தான் வெளியே விட்டிருந்தார்கள். வேலை செய்யலாம், ஆனால் எப்போது வேண்டுமானாலும் திருப்பி அனுப்பலாம். அகதி என்று ஏற்றுக்கொள்ளும்படி அவர் போட்ட விண்ணப்பம் ஒருமுறை தள்ளுபடியாகி மேல்முறையீட்டில் இருந்தது.

தள்ளுபடியானதற்குக் காரணம் ஒரு சாக்கு. 2008இல் ஊரைச் சுற்றிவளைத்த இராணுவம் முந்நூறு ஆண்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் இருத்தியது. ஜீப்பின் முன் இருக்கையில் ஒருவன் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு துளை. அப்படிப்பட்ட ஆளுக்கு ஊரில் தலையாட்டி என்று பெயர். ஒவ்வொருவராக ஜீப்பின் முன்னால் நடக்க விடுவார்கள். சாக்கு ஆடினால் நடந்தவன் அன்று வீட்டுக்குப் போகமாட்டான். சிவசோதி நடந்தபோது சாக்கு ஆடியது. பதினொரு மாதம் அவரை வைத்து என்ன செய்தார்கள் என்பதை மனைவிக்கே அவர் முழுதாகச் சொன்னதில்லை. கன்பராவில் இருந்த அதிகாரியோ, காரணம் ஒன்றும் இல்லாமல் ஒருவர் உங்களை ஏன் அடையாளம் காட்ட வேண்டும், இது நம்பக் கடினமாக இருக்கிறது என்று எழுதிவிட்டார். காரணத்தைச் சாக்குக்குள் இருந்தவனிடம் அல்லவா கேட்க வேண்டும்! ஐந்து வருஷமாகச் சிவசோதி வாய் ஓயாமல் திட்டிய ஒரே ஆள் அந்த முகம் தெரியாத நாய்தான்.

பண்ணை வேலையை எடுத்துக் கொடுத்தவர் விக்னராஜா. மெல்பனின் வசதியான புறநகர் கிளென் வேவர்லியில் மாடி வீடு, பெரிய கட்டிட நிறுவனத்தில் பொறியியலாளர், கோவில் சபையில் உபதலைவர். அவருடைய நிறுவனம் வருஷத்தில் இரண்டு முறை வாடிக்கையாளர்களை அந்தப் பண்ணைக்குச் சுடுவதற்கு அழைத்துப் போகும். விக்னராஜாவும் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். நாலு பேருக்கு முன்னால் சிவசோதியைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். அவர்கள் கோப்பி குடிக்கப் போனதும் பக்கத்தில் வந்து காதோடு கதைப்பார்.

"உம்மடை கேஸ் ஆவணி மாதம் வருதெல்லே. வெய்னட்டை ஒரு கடிதம் வாங்கும். நல்லவன், வேலைகாரன், சட்டத்தை மதிக்கிறவன் எண்டு வெள்ளைக்காரன் கையெழுத்து வைச்சுத் தந்தால் கதை வேறை, கண்டீரே."

அந்தக் கடிதத்துக்குச் சட்டப்படி எவ்வளவு பெறுமதி என்று எவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் மெல்பனின் மறுபக்கப் புறநகர் டண்டினோங்கில் அவரைப்போல விசாவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் எப்படியாவது ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். கடிதம் இல்லாமல் விசாரணைக்குப் போவதென்றால் வேட்டி இல்லாமல் சபைக்குப் போவதுபோல. ஞாயிற்றுக்கிழமைகளில் பருத்தித்துறையிலிருந்து மனைவி சிவாஜினி தொலைபேசி எடுக்கும்போது, சாப்பிட்டீங்களோ என்று கேட்கு முன்னமே, "அந்த மனிசன் கடிதம் தந்திட்டானே?" என்றுதான் கேட்பாள். மகளுக்குப் பதினைந்து வயது. அவளைக் கடைசியாகப் பார்த்தது பன்னிரண்டு வயதில்.

வெய்ன் கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அங்கேதான் சிவசோதி சறுக்கினார். வெய்னுக்கு அறுபது வயது, சிவந்த முகம், எதற்கும் ஒரு சிரிப்பு. "சிவா" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். 2013 வைகாசியில், இரண்டாவது பருவம் தொடங்கிய நேரம், இருவரும் வேலிக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தபோது சிவசோதி தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். ஒரு கழுகு. ஊரில் பார்த்த எந்தப் பருந்தும் அதற்குக் கிட்ட நிற்காது. சிறகை விரித்தால் ஆள் உயரத்துக்கும் கூட இருக்கும். வால் மரம் பிளக்கிற ஆப்பு மாதிரி. இறக்கையை ஒருமுறை கூட அடிக்காமல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. சிவசோதியின் இரண்டு கையும் தன்பாட்டில் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டன.

அவர் வல்லிபுர ஆழ்வார் கோவில் பக்கத்து ஆள். கருடனைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத பிள்ளையை அங்கே ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். இது கருடன் அல்ல, வேறு சாதிப் பறவை என்று அவருக்குத் தெரியும். கைக்குத் தெரியவில்லை.

"அது என்ன செய்தாய்?" என்று வெய்ன் கேட்டார். சிவசோதி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் கடவுள் இதன்மேல் ஏறித்தான் ஓடுவார் என்றார். வெய்ன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கடவுளின் யூட்!" என்றார்.

அன்றிலிருந்து சிவசோதிக்கு மரியாதை கூடிவிட்டது. திங்களும் வியாழனும் வேலி பார்க்கப் போகும்போது வெய்ன் அவரைத் தன் பக்கத்தில் முன் இருக்கையில் ஏற்றிக்கொள்வார். போத்தலிலிருந்து சுடச்சுடக் கோப்பி ஊற்றித் தருவார். "இன்றைக்குக் கடவுளின் யூட் கண்டாயா?" என்று கேட்பார். தூரத்தில் ஒரு புள்ளி தெரிந்தாலே சிவசோதியின் கை கன்னத்துக்குப் போகும். எந்தப் பக்கம், எந்த மரத்தில் இறங்கியது என்று வெய்ன் கேட்பார், சிவசோதி காட்டுவார். தடுப்பு முகாமில் ஒரு காவல் அதிகாரி இருந்தார். ஓய்வு நேரமெல்லாம் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குருவி பார்ப்பார், பார்த்த குருவியின் பெயரைக் கொப்பியில் எழுதிவைப்பார். வெள்ளைக்காரருக்கு இப்படி ஒரு பைத்தியம் உண்டு, வெய்னுக்கும் அதுதான் என்று சிவசோதி முடிவுகட்டிவிட்டார். வெய்னோடு ஒட்டுகிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மனதுக்குள் சந்தோஷமும் பட்டார். வெய்ன் ஒருநாளும் வானத்தைப் பார்க்கவில்லை, சிவசோதியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அந்த நேரம் அவருக்கு உறைக்கவில்லை. அவரைக் கூட்டடியில் இறக்கிவிட்டு வெய்ன் தனியாகத் திரும்பிப் போவார். பிறகு ஒரு வெடிச்சத்தம் கேட்கும். அந்தப் பண்ணையில் வெடிச்சத்தம் கேட்காத நாள் எது?

ஆடி மாதக் கடைசியில் வெய்ன் கடிதத்தைத் தந்தார். கேட்ட அன்றைக்கே, பண்ணையின் பெயர் அச்சடித்த தாளில், நீலக் கையெழுத்தோடு. விசாரணைக்கு இருபது நாள் இருந்தது. அடுத்த புதன்கிழமை விடுமுறையில் சிவசோதி கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரயிலேறி டண்டினோங்குக்கு வந்தார். அங்கே அகதிகளுக்கு இலவசமாக வழக்குப் பார்க்கும் அலுவலகத்தில் வைதேகி என்ற பெண் வேலை செய்தாள். சட்டத்தரணிக்கும் தமிழருக்கும் நடுவில் கதைக்கிறவள் அவள்தான். தாளை விரித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சிவா நேர்மையானவர், கடுமையான உழைப்பாளி, சட்டத்தை மதிப்பவர். அவருடைய கண் மிகவும் கூர்மையானது. எங்கள் பறவைகளைத் தூக்குகிற கழுகுகள் எங்கே இருக்கின்றன என்று எல்லோருக்கும் முதல் காண்பவர் அவர்தான். அவருடைய உதவியால் அந்தத் தொல்லை இந்த வருஷம் கிட்டத்தட்ட ஒழிந்துவிட்டது. அவரை நாங்கள் இழக்க விரும்பவில்லை." தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தாள். "சோக்கான கடிதம் அண்ணை. இப்பிடி ஒருத்தரும் எழுதிக் குடுக்கமாட்டினம்."

சிவசோதியின் முகம் மலர்ந்தது. நேர்மையானவர் என்ற சொல்லை இன்னொருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது.

"ஒழிஞ்சுபோச்சு எண்டால் என்னெண்டு பிள்ளை? கழுகு என்னெண்டு ஒழியும்?"

"கலைச்சிருப்பினமாக்கும்."

"கலைச்சால் பேந்து வரும்தானே. அதுகளுக்குச் செட்டை இருக்கு."

"சுடுறதெண்டால் ஏலாது அண்ணை. அதுகள் சட்டம் போட்டுப் பாதுகாக்கிற பறவை. சுட்டால் மறியலிலை, சிறையிலைகூடப் போடுவினம்." சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள். கடிதத்தைத் திரும்ப விரித்து அந்த வரியை வாய்க்குள் வாசித்தாள். இந்தமுறை தமிழில் சொல்லவில்லை.

சிவசோதி கன்னத்தில் போட்டுக்கொண்ட நாட்களை மனதுக்குள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வைகாசியில் ஒவ்வொரு சுற்றிலும் கண்டார். ஆனியில் அங்கொன்று இங்கொன்று. கடைசி மூன்று கிழமையாக ஒன்றையும் காணவில்லை. குளிருக்கு எங்கேயாவது போயிருக்கும் என்று நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெய்ன் காற்பந்து பார்க்க ஊருக்குள் போனார். பண்ணையில் வேறு ஆளில்லை. சிவசோதி மண்வெட்டியோடு குழியடிக்குப் போனார். தான் கொட்டாத பக்கம் எது என்று அவருக்குத் தெரியும். அங்கே அவர் தூவாத சுண்ணாம்பு இருந்தது. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு கிண்டினார். முதலில் வந்தது ஒரு கால். விரல்வரை இறகு மூடிய கால். நகம் அவருடைய சுட்டுவிரல் நீளம். பிறகு சிறகு. பிறகு அழுகி ஒன்றோடொன்று ஒட்டிப்போன உடல்கள். நாலு எண்ணினார். ஐந்தாவதைத் தொட்டதும் அது கையோடு கழன்று வந்தது. குழிக்கரையில் குந்தியிருந்து காலையில் தின்றது முழுவதையும் வாந்தியெடுத்தார்.

பக்கத்திலேயே பெசன்டுகள் கிடந்தன. இந்தப் பருவத்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் அவர் கொட்டியவை. ஒருவரும் தின்னாமல், ஒருவருக்கும் பயன்படாமல், சுண்ணாம்புக்குள் கஞ்சியாகிக்கொண்டிருந்தன. கழுகு ஒரு நாளைக்கு ஒன்றைத் தூக்கியிருக்குமா, இரண்டைத் தூக்கியிருக்குமா? தூக்கியதைத் தின்றிருக்கும், குஞ்சுக்கும் கொடுத்திருக்கும். இந்தக் குழியில் கிடந்தவற்றில் பசிக்காகக் கொன்ற பிராணி அது ஒன்றுதான். அதைத்தான் கள்ளன் என்று சுட்டிருக்கிறார்கள். என்ன பிறவிகள் இவர்கள் என்று அவர் வாய்விட்டே கேட்டார்.

வெய்னின் கண்ணில் புகை படர்ந்திருந்தது இப்போதுதான் அவருக்கு ஞாபகத்துக்கு வந்தது. பத்திரத்தை நீட்டிப் பிடித்து வாசிப்பார், எதிரே வருகிற ஆளைக் குரலில்தான் அறிவார். துப்பாக்கிமேல் பூட்டிய குழல் கண்ணாடி வழியே பார்த்தால் மரத்தில் இருப்பதைச் சுடலாம். எந்த மரம் என்று முதலில் யாராவது காட்ட வேண்டுமே. அதற்குத்தான் முன் இருக்கை. அதற்குத்தான் கோப்பி.

முன் இருக்கை என்று நினைத்ததும் அவருக்கு அந்த ஜீப் ஞாபகம் வந்தது. சாக்கு ஒன்றுதான் குறை, மற்றதெல்லாம் சரி. வாய் திறக்கவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. கையை மட்டும் ஆட்டினார். அந்த நாய் தலையை ஆட்டியது. ஐந்து வருஷமாக அந்த முகமில்லாதவனைத் திட்டித் திட்டித்தான் மனிதர் தன் மனதை ஒருவாறு நேராக வைத்திருந்தார். இப்போது திட்டலாம் என்று வாயைத் திறந்தால் திட்டு தன்மேல் வந்து விழுந்தது. தன் கன்னத்தைத் தொடவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரு காலை பொலித்தீன் பையில் சுற்றி, தான் தங்கியிருந்த கரவன் என்ற சக்கர வீட்டின் குளிர்ப்பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் வைத்தார். வெள்ளிக்கிழமை லீவு கேட்டு, அந்தப் பையையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு கிளென் வேவர்லிக்குப் போனார். வனவிலங்குத் திணைக்களத்துக்கு முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுத விக்னராஜாவை விட்டால் அவருக்கு வேறு பெரிய ஆள் தெரியாது.

விக்னராஜா திருநீறு பூசிக்கொண்டு, சால்வையைச் சரிபண்ணிக்கொண்டு வாசலுக்கு வந்தார். கோவிலுக்குப் புறப்படுகிற நேரம். பையை விரித்துக் காட்டியதும் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயையோ, வெள்ளிக்கிழமையெல்லே! உதை வீட்டுக்கை கொண்டு வராதையும். நாங்கள் இண்டைக்கு மச்சம் மாமிசம் தொடுறேல்லை."

சிவசோதி பையைச் சுருட்டிப் படியிலே வைத்தார். போன மாதம் இதே விக்னராஜா சுட்ட பெசன்டுகளில் பதினெட்டைக் குழியில் கொட்டியவர் அவர். அது சனிக்கிழமை.

"அண்ணை, ஒரு கடிதம் எழுதித் தந்தால் போதும். நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

"உமக்கு விசரே? ஆருக்கு எழுதுறது? வெய்னுக்கு எதிராவோ? எங்கடை கொம்பனி பத்து வருஷமா அங்கை போகுது. என்ரை பேர் இழுபடும்." பிறகு குரலை இறக்கினார். "இஞ்சை பாரும். வெய்னோடை நான் கதைக்கிறன். அந்தக் கழுகுக் கதையை வெட்டிப்போட்டு வேறை கடிதம் அடிச்சுத் தருவான். நேர்மையானவர், உழைப்பாளி, அவ்வளவும் போதும். கழுகுக்கு விசா தேவையில்லை. உமக்குத் தேவை. பிள்ளையை நினையும்."

"பிள்ளையைத்தான் அண்ணை நினைக்கிறன். நாளைக்கு அவள் வந்து, அப்பா என்ன வேலை செய்தனீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

"எண்டைக்கு வந்து கேக்கிறது? நீர் இருந்தால்தானே அவள் வாறதுக்கு?" விக்னராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "படகிலை வந்த ஆக்களெல்லாம் குழப்பக்காரர் எண்டு ஏற்கெனவே சொல்லுறாங்கள். நீர் ஒராள் போய் இதைச் செய்தால் எல்லாற்றை தலையிலையும்தான் விடியும். உதைக் கொண்டுபோய்க் குப்பையிலை போட்டுட்டுப் பேசாமல் வேலைக்குப் போம்." கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே, "கோவிலுக்கு வாறதெண்டால் குளிச்சுப்போட்டு வாரும்" என்றார்.

திருநீற்றுக்குள்ளிருந்து வந்த அந்தப் புத்திமதியைக் கேட்டபடி சிவசோதி படியில் இருந்த பையை எடுத்துக்கொண்டார். அழுகின கழுகுக்கு இந்த நாற்றம் இல்லை என்று நினைத்துக்கொண்டு படியிறங்கினார்.

பின்னேரம் நகரத்தில், வனவிலங்குத் திணைக்களத்தின் அலுவலகத்தில், பையைக் கவுண்டரில் வைத்தார். அங்கிருந்த பெண் திறந்து பார்த்தாள், முகம் சுளிக்கவில்லை. உள்ளே போய் ஒரு அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தொலைபேசியில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். பெயர் சொல்லாமலும் முறைப்பாடு கொடுக்கலாம், உங்கள் நிலைமை எங்களுக்கு விளங்குகிறது என்றார்கள். சிவசோதி முழுப் பெயரையும் எழுதினார். பிறகு சட்டைக்குள்ளிருந்து வெய்னின் கடிதத்தை எடுத்து நீட்டினார். இருந்த ஒரே நற்சான்று. அதைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது கை வெறுமையாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். அதிகாரி அதைப் பிரதி எடுத்துவிட்டு, மூலத்தைத் திருப்பி அவர் கையிலேயே கொடுத்தார். இது உங்களுடையது, உங்களுக்குத் தேவைப்படும் என்றார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு வாகனங்கள் பண்ணைக்கு வந்தன. குழியிலிருந்து ஒன்பது கழுகுகளின் எச்சங்களை எடுத்து நிலத்தில் விரித்த விரிப்பில் அடுக்கினார்கள். வெய்ன் கத்தவில்லை. சிவசோதியின் பக்கத்தில் வந்து நின்று, உண்மையாகவே விளங்காத முகத்தோடு, "நான் உனக்கு நல்லதுதானே எழுதினேன்?" என்று கேட்டார். அந்த மனிதரின் முகத்தில் துப்புவதா, பரிதாபப்படுவதா என்று சிவசோதிக்குத் தெரியவில்லை. அன்றைக்கே வேலை போய்விட்டது. பண்ணை அடுத்த சனிக்கிழமையும் விருந்தாளிகளுக்குத் திறந்துதான் இருந்தது.

விசாரணைக்கு முதல் நாள் சட்டத்தரணி தெளிவாகச் சொன்னார், வைதேகி தமிழில் சொன்னாள். இந்தக் கடிதத்தைக் கொடுக்கவும் வேண்டாம், அதைப் பற்றிக் கதைக்கவும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பறவைகளைக் கொல்ல உதவினார் என்று அதில் எழுத்தில் இருக்கிறது. கேட்டால், வேலை முடிந்துவிட்டது, கடிதம் இல்லை என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

"ஓம் பிள்ளை" என்றார் சிவசோதி.

மேல்முறையீட்டு மன்றத்தில் ஒரு நீளமான மேசை. நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெண்மணி. தீர்ப்புச் சொல்கிற உறுப்பினர் அவர்தான். பக்கத்தில் மன்றம் வைத்த மொழிபெயர்ப்பாளர், பாஸ்கர் என்று பெயர், கொழும்புத் தமிழர். சிவசோதி பள்ளிக்கூட மைதானத்தைச் சொன்னார், ஜீப்பைச் சொன்னார், பதினொரு மாதத்தையும் இந்தமுறை விடாமல் சொன்னார். உறுப்பினர் குறித்துக்கொண்டே வந்தார். எதிர்பார்த்த கேள்வி வந்தது. உங்களை அடையாளம் காட்டியவர் ஏன் அப்படிச் செய்தார் என்று நினைக்கிறீர்கள்?

போனமுறை இந்தக் கேள்விக்குச் சிவசோதி கத்தினார், அவன் காசுக்கு ஆள் விற்கிற நாய் என்றார். இந்தமுறை, "எனக்குத் தெரியாது அம்மா. அவனுக்கே தெரிஞ்சுதோ எண்டும் தெரியாது" என்றார். உறுப்பினரின் பேனா நின்றது. நம்பினாரா, பொய் என்று பிடித்துக்கொண்டாரா என்று அந்த முகத்தில் வாசிக்க முடியவில்லை.

கடைசியாக, இங்கே வேலை கொடுத்தவரிடமிருந்து கடிதம் ஏதும் உண்டா என்று கேட்டார். சட்டத்தரணி, இல்லை என்றார்.

"இருக்கு" என்றார் சிவசோதி.

சட்டத்தரணி அவர் முழங்கையைத் தொட்டார். சிவசோதி எழுந்து நின்று கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"இதிலை நான் நல்லவன் எண்டு எழுதியிருக்கு. எதுக்காக நல்லவன் எண்டதும் எழுதியிருக்கு. நான் காட்டின மரத்திலைதான் ஒன்பது கழுகையும் சுட்டவங்கள். தெரியாமல்தான் காட்டினனான், எண்டாலும் காட்டினது நான். இந்தக் கடிதத்துக்காக என்னை இஞ்சை வைச்சிருக்க வேண்டாம் அம்மா. நான் சொன்னது உண்மையெண்டால் வைச்சிருங்கோ."

பாஸ்கர் மொழிபெயர்ப்பதற்கு முன் மேசைக்கு மேலாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, கழுகு விஷயத்தையும் சொல்லணுமா?"

"ஓம் தம்பி. அதைத்தான் முதல் சொல்லுங்கோ."

பாஸ்கர் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார்.